அப்பாவின் மூளையில் எது போயிற்று, எது போகவில்லை

முருகன் காக்க.

செந்திலுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேனாம்பேட்டில் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பாரிவாக்கத்திலிருந்து வந்த உன் பெரியப்பா, பெரியம்மா. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் அப்பா, கொரட்டூர்க்காரர். பஜ்ஜித் தட்டோடு கதவோரம் நின்ற உன் தங்கை வசந்தி. பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த நீ. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த நான். ஜன்னலோரம் மர நாற்காலியில், வலது கை மடியில் மடங்கிக் கிடக்க, உன் அப்பா. அன்றைக்கு நீ பேசிய பேச்சைப் பார்த்தால், உன் கணக்கில் கடைசி ஆளைச் சேர்க்கவே இல்லை என்று தெரிகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டின் வரவு செலவை எழுதி வருகிறவள் நான். பால்காரன் ஒரு நாள் வராமல் போனால்கூட அது என் கணக்கில் இருக்கும். ஓர் ஆளையே விட்டுவிட்டுக் கூட்டிய கணக்கை நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

அங்கே நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். உனக்கு அது வேறு மாதிரி நினைவில் இருக்கலாம். பெரியப்பாதான் ஆரம்பித்தார். "தம்பியை மணையில உக்கார வெக்க முடியுமா, நீயே சொல்லு. ரைட் கை தூக்கவே வராது. லெஃப்ட் கையால தாலித் தட்டைத் தொட்டா, அட்சதை போட்டா, நாலு பேரு இன்னா பேசுவான்?" என்றார். பெரியம்மா விடுவாரா? "அது கூடப் பரவால்ல. போன மாசம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவனைப் பார்த்து இவரு சொன்ன வார்த்தை இருக்கே, அம்மாடி! மண்டபத்துல மைக் வேற வெச்சிருப்பான்" என்றார். நீ சிரித்தாய். கொரட்டூர்க்காரர் பாவம், டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அது உங்க வீட்டு விஷயம், நீங்க எப்படிச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்" என்றார். அப்போதுதான் நீ அந்த வாக்கியத்தைச் சொன்னாய்: "பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காரட்டும்மா. அப்பாவுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

அதோடு நிறுத்தியிருந்தாலும் போகிறது என்று விட்டிருப்பேன். எழுந்து போய் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காது கேட்காதவரிடம் கத்துவது போல, "அப்பா! மணையில பெரியப்பா உக்காருவாரு. சரியா?" என்று கேட்டாய். அவர் உன்னையே பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "சரி... சரி சரி" என்றார். நீ எழுந்து கைகளைத் தட்டிவிட்டு, "பாத்தீங்களா, அப்பாவே சரின்னுட்டாரு" என்றாய். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. பஜ்ஜி காலியாயிற்று. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாய்.

சம்பந்தி ஆகப்போகிறவர் எதிரில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மூட மாட்டேன். இந்தக் கடிதத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை. பெரியப்பாவிடம் காட்டு, கொரட்டூருக்கும் கொடுத்தனுப்பு, உன் அறையில் கூடத் தங்கியிருக்கிற பையன்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. நீ பட்டம் வாங்கியவன். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஆனால் உன் அப்பாவின் தலைக்குள் என்ன நடந்தது என்பதை இந்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டது நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். வசந்தியின் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை, அவள் பரீட்சை முடிந்து பழைய பேப்பருக்குப் போட இருந்ததை, எடுத்து வைத்துக்கொண்டேன். மத்தியானம் வீட்டு வேலை முடிந்ததும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்டேன். நீ ஒரு முறையாவது "அப்பாவுக்கு என்னதாம்மா ஆச்சு" என்று கேட்டதுண்டா? "எப்படி இருக்காரு" என்று கேட்பாய். அது வேறு கேள்வி.

மூளையை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, அடுப்படியில். நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சைக்கிளில் பூந்தமல்லி போய் பாய் கடையில் ஆட்டு மூளை வாங்கி வருவார், நினைவிருக்கிறதா? "உடைக்காம முழுசாக் குடு பாய், பையன் மூளை வறுவல் கேக்கறான்" என்பாராம். "தோ அண்ணே, உங்க புள்ளைக்கு உள்ளதும் வளரட்டும்" என்று பாய் இலையில் சுற்றிக் கொடுப்பாராம். அதை மஞ்சள் தண்ணீரில் போட்டு, மேலே சிவப்பு இழைகளோடு ஓடுகிற மெல்லிய தோலை விரல் நுனியால் உரித்தெடுப்பேன். அந்தத் தோல் போனால்தான் கவிச்சி போகும். அப்போது பார்த்திருக்கிறேன்: அக்ரோட்டுப் பருப்பு மாதிரி இரண்டு பாதி, நடுவில் ஒரு பிளவு. மடிப்பு மடிப்பாக, பெட்டியில் திணித்த துணி போல. பின்னால் கீழே, இன்னும் நெருக்கமான கோடுகளோடு, தனியாக ஒரு சின்ன உருண்டை. எல்லாவற்றுக்கும் அடியில் கொழுகொழுவென்று ஒரு தண்டு. மனிதனுக்கும் அதே அமைப்புதான். அளவு பெரிது, மடிப்புகள் அதிகம், அவ்வளவுதான். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எனக்கு அடையாளம் தெரிந்தது. அன்றிலிருந்து அதை என்னால் உரிக்க முடியவில்லை. நீயும் பெங்களூரிலேயே சாப்பிட்டுக்கொள்கிறாய், நல்லதாய்ப் போயிற்று.

அடியில் இருக்கிற அந்தத் தண்டுதான் நாம் தூங்கும்போதும் மூச்சை ஓட்டுகிறது, நெஞ்சு துடிப்பதைப் பார்த்துக்கொள்கிறது. பின்னால் இருக்கிற சின்ன உருண்டைக்குச் சிறுமூளை என்று பேர். சைக்கிளில் சாயாமல் போவது, நிறைகுடத்தைத் தளும்பாமல் தூக்கி வருவது, இதெல்லாம் அதன் உபயம். மேலே கவிந்திருப்பது பெருமூளை. அதில் நெற்றிப் பக்கம் யோசித்து முடிவெடுக்க, உச்சிப் பக்கம் கை கால்களை அசைக்கவும் தொடுவதை உணரவும், காதுக்கு அருகே கேட்டதைப் புரிந்துகொள்ள, பிடரிப் பக்கம் பார்ப்பதற்கு. ஆமாம், கண் முன்னால் இருக்கிறது, பார்க்கிற இடம் பின் தலையில் இருக்கிறது. ஆண்டவன் வைத்த வைப்பு. உடம்பின் எடையில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் சாப்பிடுகிற சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கே பால் முழுவதும் போகிற மாதிரி. ரத்தம் சில நிமிஷம் வராவிட்டாலும் அதனால் தாங்க முடியாது. அப்பாவுக்கு அதுதான் ஆயிற்று.

அன்று காலையில் அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். செம்பு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எடுக்கவில்லை. "என்னங்க?" என்றேன். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வார்த்தை வரவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று, இடது பக்கம், அடைத்துக்கொண்டது. தண்டுக்கருகே நரம்புகள் இடம் மாறி இறங்குகின்றன. இடது பாதி வலது கையை ஆட்டுகிறது, வலது பாதி இடது கையை ஆட்டுகிறது. அப்பா ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர், அவரிடம் பேச்சு இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாக விளக்கியிருப்பார். நரம்புகள் இப்படி மாறி இறங்குவதால்தான் இடது பக்கம் அடைத்ததும் வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்குப் பேச்சைக் கட்டிக் கொடுக்கிற இடம் இடது பாதியில்தான், நெற்றிக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது.

ஸ்கேன் படத்தில் அந்த இடத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. டாக்டரம்மா பேனா முனையால் காட்டினார். "இதுதாம்மா பேசற இடம். புரிஞ்சுக்கிற இடம் இதோ, காதுக்கு மேல, பின்னாடி. பாருங்க, இங்க ஒண்ணும் ஆகல. நீங்க பேசறது அவருக்குப் புரியும். பதில் உள்ளே தயாராத்தான் இருக்கும். வெளியே கொண்டுவர வழிதான் கெட்டுப்போச்சு."

நான் கேட்டேன்: "எல்லாத்துக்கும் 'சரி சரி'ங்கறாரே டாக்டர், அது சம்மதம்தானே?"

"அதை நம்பவே நம்பாதீங்க. சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மாட்டிக்கும். வேற வார்த்தையைத் தேடி வாயைத் திறப்பாங்க, இதுதான் வந்து நிக்கும். அவருக்கே அது ஆத்திரமா இருக்கும்."

டாக்டர் சொன்னார் என்பதற்காக நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். "காபி வேணுமா?" சரி. "காபி வேணாமா?" சரி. "உங்க பேரு என்ன?" சரி. "குழம்புல உப்பு ஜாஸ்தியா?" என்றதற்கும் சரிதான், ஆனால் அந்த ஒரு சரிக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவரும் சிரித்துவிட்டார். அந்த வார்த்தையைத்தான் நீ பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அவர் வாயில் மிச்சமிருக்கிற ஒரே சொல்லை, கைநாட்டு வாங்குவது போல, ஊரார் எதிரில் வாங்கிக்கொண்டாய். அவர் இல்லை என்று சொல்ல நினைத்திருந்தாலும் அதே சொல்தானே வந்திருக்கும்? கேட்பதற்கு முன்னால் அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு ஏன் தோன்றவில்லை?

கரண்ட் ஆளைத் திட்டினார் என்று சிரித்தீர்களே, அதையும் சொல்கிறேன். அந்த ஆள் செருப்போடு பூஜை அறை வாசல் வரை வந்துவிட்டான். அப்பாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வருகிற வசவு, ஒன்று இரண்டு என்று வரிசையாக எண்ணுவது, மனப்பாடமான சாமி பாட்டு, இதெல்லாம் யோசித்துக் கட்டுகிற பேச்சு இல்லை. வாய்க்குப் பழகி ஊறிப்போனவை. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. அதில் பெரும் பங்கு வலது பாதிக்கு உண்டு, அந்தப் பாதி கெடவில்லை என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாள் கழித்து நான் விளக்கேற்றி வழக்கமான முருகன் பாட்டைப் பாடினேன். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஒரு வார்த்தை பிசகவில்லை. முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று நான் கேட்டதற்கு, "சரி" என்றார். நான் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டேன். உன் பெரியப்பா இதைக் கேள்விப்பட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டு வருது, கெட்ட வார்த்தை வருது, பேச்சு மட்டும் வரலையா? நடிக்கிறான்." கூடப் பிறந்த தம்பியை! இப்போது நீ அப்பாவுக்குப் புரியாது என்றதற்கும் அதே ஆள் தலையாட்டுகிறார். நடிக்கிறவனுக்குப் புத்தி இல்லாமல் எப்படி இருக்கும்? இரண்டில் ஒன்றையாவது அவர் முடிவு செய்துகொண்டு வரட்டும்.

புரியாது என்றாயே, வியாழக்கிழமை மத்தியானம் ஒரு நாள் வந்து பார். ஃபேக்டரியில் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்த கஜேந்திரன் வாரா வாரம் வருகிறார். சீட்டு விளையாடுவார்கள். அப்பாவால் ஒரு கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு போட முடியாது என்று அவரே பலகையில் கோடு போல வெட்டி, சீட்டுகளைச் செருகி வைக்கிற மாதிரி ஒன்று செய்து கொண்டு வந்தார். போன வாரம் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமே, ஜோக்கரை அங்க சொருகி வெச்சிகினு சரி சரிங்கறே? நானு இன்னா கேனையா?"

"சரி... சரி சரி!"

"தோ பாரு அண்ணி, டிக்ளேர் பண்ட்டாரு! மூணாவது ஆட்டமும் போச்சி. மாமே, உனுக்கு ஒண்ணுமே ஆவல. எங்களை ஏமாத்தறதுக்கு ஊட்ல குந்திகினு கீறே."

அப்பா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்குப் புரியாது என்றால் ரம்மியில் செட் சேர்க்கிறது யார்? எதிராளி எந்தச் சீட்டைப் போட்டான், எது வர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது யார்? கஜேந்திரன் பத்தாவது பாஸ் பண்ணாதவர். அவரை நான் மேதாவி என்று சொல்லவில்லை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நீ வரும்போதெல்லாம் வாசற்படியில் செருப்பை விட்டதிலிருந்து திரும்ப மாட்டுகிற வரை வசந்தியிடமும் என்னிடமும்தான் பேசுகிறாய்.

போனவற்றையும் மறைக்க மாட்டேன். பேர்கள் போய்விட்டன. உன் பேர், என் பேர், எதுவும் வாய்க்கு வராது. வலது கையால் எழுத முடியாது, இடது கையால் எழுதப் பார்த்தாலும் எழுத்துகள் சேர்வதில்லை. பேப்பரில் தலைப்பு வரை படிக்கிறார், அதற்குக் கீழே போனால் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினால் நூல் அறுந்துவிடுகிறது. நீளமாகச் சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியில் தொலைந்து போகிறார். சின்ன விஷயத்துக்கும் சட்டென்று கண் கலங்கிவிடுகிறது. இவ்வளவும் நிஜம். ஆனால் எது போயிற்று என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஆளே போய்விட்டார் என்று எழுதி மூடுவது என்ன நியாயம்?

உனக்கு ஒன்று நினைவிருக்காது, ஆனால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும். குவார்ட்டர்ஸில் நீ நாலாவது படித்தபோது மைதானத்துச் சறுக்கு மரத்தின் மேலிருந்து பின்னால் விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டாய். மூளை மண்டைக்குள் தண்ணீரில் மிதக்கிறது, அதைச் சுற்றி மூன்று சவ்வுகள் காக்கின்றன. அப்படியும் வேகமாக அடிபட்டால் உள்ளே மோதிக் குலுங்கிவிடும். ஆஸ்பத்திரியில் கண் விழித்தாய். என்னை "மிஸ்" என்று கூப்பிட்டாய். உன் பேரைக் கேட்டதற்கு விழித்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல உன்னிடம் பேச ஆரம்பித்தார். "என்னடா செந்திலு, சைக்கிள் டைனமோ எரியலன்னியே, சாயங்காலம் கழட்டிப் பாக்கலாமா? பல்பு போயிருக்கா, ஒயர் போயிருக்கான்னு நீதான் கண்டுபிடிக்கணும்." அவர் விடவில்லை. நீ பதில் சொல்லாததை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளாமல், இடைவெளி விட்டு விட்டு, நீ சொல்லப்போவதற்குக் காத்திருக்கிற மாதிரியே பேசினார். அன்று சாயங்காலம் நீ "ஒயருப்பா" என்றாய். உன் பெரியப்பாவும் அன்று வந்திருந்தார். "புத்தி ஸ்வாதீனம் திரும்புமோ என்னமோ" என்று வராந்தாவில் நின்று சொன்னார். அப்பா வெளியே வந்து, "அண்ணே, அவன் காதுல விழும். பேசறதுன்னா ரோட்ல போய்ப் பேசுங்க" என்றார். அண்ணன் முகத்துக்கு நேரே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இனி, இடது கை விஷயம். இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். நான் உங்கள் எல்லோரையும்விடச் சாஸ்திரம் பார்க்கிறவள். கிருத்திகை தவறியதில்லை, செவ்வாய் வெள்ளி வீட்டில் கவிச்சி கிடையாது. சாமிக்கு இடது கையால் பூ எடுத்து வைத்தால் வசந்தி கையில் அடித்தவள் நான். ஆனால் கேள். அவருடைய இடது கையை ஆட்டுவது வலது பாதி. சாமி பாட்டைப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறதும் அந்தப் பாதிதான். முருகன் பேர் தங்கியிருக்கிற இடத்திலிருந்து கட்டளை வாங்குகிற கை அது. அந்தக் கை தாலித் தட்டைத் தொட்டால் தீட்டா? இப்போது நம் வீட்டில் தினமும் விளக்கைத் தூண்டுவது அவருடைய இடது கைதான். சாமி இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உன் பெரியப்பாவுக்குத்தான் கோபம் வருகிறது.

நீ போன மறுநாள் காலையில் பூஜை முடிந்ததும் அவரிடமே கேட்டுவிட்டேன். நம் பக்கத்தில் ஒரு காரியம் தொடங்கலாமா கூடாதா என்று தெரியாவிட்டால் சாமி முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்போம் இல்லையா? உனக்குப் பெண் பார்க்கும்போதுகூட அப்படித்தான் பார்த்தோம். கொஞ்ச நாளாக நான் அதை அவருக்காக மாற்றி வைத்திருக்கிறேன். பொட்டலம் கிடையாது, திறந்தே வைப்பேன். செம்பருத்தி என்றால் ஆமாம், நந்தியாவட்டை என்றால் இல்லை. வாய் சரி என்று சொன்னாலும் கை பொய் சொல்லாது. முதலில் தெரிந்த விஷயங்களைக் கேட்டுப் பழக்கினேன். இப்போது பிசகுவதே இல்லை.

தட்டை அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். "செந்தில் கல்யாணத்துல உங்க அண்ணன் மணையில உக்காரட்டுமா?" என்றேன். "சரி சரி" என்று வாய் சொல்லிற்று. கை நந்தியாவட்டையை எடுத்துத் தட்டுக்கு வெளியே எறிந்தது. தற்செயலாக இருக்கக் கூடாது என்று பூக்களை இடம் மாற்றி வைத்து, கேள்வியையும் திருப்பிப் போட்டேன். "நீங்க உக்காரணுமா?" செம்பருத்தியை எடுத்தார். திரும்பத் தட்டில் வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் சாறு இறங்கிற்று. வேறு பூ பறித்து வந்து வைத்து இன்னொன்றும் கேட்டேன். "செந்தில் மேல கோபமா?" என்றேன். வெகு நேரம் இரண்டு பூவையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் தொடவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியலாம்.

தகப்பனும் தாயும் இருக்கும்போது வேறு ஜோடி மணையில் உட்கார்வது எப்போது என்று உனக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவர் இல்லாதபோது. நெற்றியில் குங்குமத்தோடு நான் அந்த மண்டபத்தில் எங்கே நிற்பது என்று யாராவது யோசித்தீர்களா? உயிரோடு இருக்கிறவருக்கு, அவர் எதிரிலேயே, அவர் காது கேட்க, அந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள். உண்மைக் காரணத்தை நான் சொல்லட்டுமா? உனக்கு வெட்கம். பெங்களூரிலிருந்து உன் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். அப்பா வாயோரம் எச்சில் வழியும், எல்லோரிடமும் சரி சரி என்பார். அதை நீ நேராக என்னிடம் சொல்லியிருந்தால், "எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா" என்று சொல்லியிருந்தால், உன்னை உட்கார வைத்துப் பேசியிருப்பேன். அதைச் சொல்லாமல் அவருக்குப் புத்தி இல்லை என்று பழியை அவர் தலையில் போட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீயும் நாளைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தப்போகிறாய். அவளும் பல நாள் சரி என்பாள். எந்த மனசோடு சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். அது தெரியாமல் சம்பாதித்துக் கொடுப்பது மட்டும் குடித்தனம் ஆகாது. உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு முடிவும் எடுத்ததில்லை. இன்றைக்கும் எடுப்பதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. அவரால் கீழே மணையில் சம்மணம் போட முடியாது, கைப்பிடி வைத்த நாற்காலி போட வேண்டும். பக்கத்தில் நான் உட்கார்வேன், பின்னால் கஜேந்திரன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். மேளக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும். அய்யர் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகச் செய்வார். பாத பூஜைக்கு அவருடைய வலது காலை நீ கையால் தூக்கித் தாம்பாளத்தில் வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கால் தானாக வராது.

இதெல்லாம் முடியாது, பெரியப்பாவே உட்காரட்டும் என்றால், அதையும் சொல்லிவிடு. நாங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருக்க மாட்டோம். மற்ற உறவுக்காரர்கள் போல வந்து, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அம்பத்தூர் அச்சகத்தில் பத்திரிகைக்கு மாதிரி அடித்து வைத்திருக்கிறார்கள். யார் முன்னின்று நடத்துவது என்று பேர் போடாமல் அந்த இடத்தை மட்டும் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே. உறையின் மேல் அப்பா பேரைப் போட்டு அவருக்கே எழுது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, நான் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுகிறேன். சீக்கிரம் பதில் போடு.

அம்மா